ஆறு நாள் முறை

இதயத்துக்கு ஆறு நாள், சிறுநீரகத்துக்கு ஆறு நாள் என்று நான் முறை வைத்தது மூன்று மாதம் யாருக்கும் தெரியாது. என் மனைவி ஆரோக்கியத்துக்குக்கூடத் தெரியாது. தெரிந்த பிறகு அவள் பத்து நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்குச் சிறுநீரகமும் சரியில்லை என்றால், என் முட்டாள்தனம் உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். மற்றபடி என் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்லும் ஆசை எனக்கு இல்லை.

என் பெயர் சூசை. பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். லஸ்கர் என்றால் ஆற்றிலும் வாய்க்காலிலும் மதகுக் கதவை ஏற்றி இறக்குகிற ஆள். திருத்துறைப்பூண்டிப் பக்கம், தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எனக்கு வேலை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் எல்லா ஆற்றிலும் ஒரே சமயத்தில் விட மாட்டார்கள். காவிரிக்கு ஆறு நாள், எங்கள் வெண்ணாற்றுக்கு ஆறு நாள் என்று மாற்றி மாற்றி விடுவார்கள். இதற்குத்தான் முறை என்று பெயர். நாள் வந்தால் கதவு ஏறும், நாள் முடிந்தால் இறங்கும். யார் வந்து கெஞ்சினாலும் மிரட்டினாலும் நான் சொல்வது ஒரே பதில்: "முறைன்னா முறைதான்." எனக்கு நேர்மையான லஸ்கர் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் கெட்டது சிறுநீரகம்தான். வருஷக்கணக்கில் தண்ணீரில் நின்ற முழங்கால் வலித்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ரத்தக் கொதிப்பும் இருந்தது, அதைக் கவனிக்கவில்லை. கால் வீங்கிய பிறகு தஞ்சாவூருக்குப் போனோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்று பார்த்தார்கள். உடம்பு கழித்துப் போட வேண்டிய அழுக்கு அது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்கும். எனக்கு இரண்டரையைத் தாண்டியிருந்தது.

கிட்னி டாக்டர் அதிகம் பேசாத மனிதர். என் மருந்துப் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். வலி மாத்திரை அட்டைகளை ஒதுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். "கண்ட மாத்திரையயும் போட்டுக் கிட்னியக் கெடுத்து வச்சிருக்கீங்க. இனிமே அதுக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார். அந்த ரெஸ்ட் என்ற சொல் என் மனதில் நன்றாக இறங்கிவிட்டது. உப்பு குறை, பழம் வேண்டாம், காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமை, ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்காதே என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் தண்ணீரை அளந்து விட்டவனுக்கு வீட்டில் டம்ளரில் அளந்து கொடுத்தாள் ஆரோக்கியம்.

ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. ஒருநாள் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கினால் பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள். பெஞ்சில் இருந்த எல்லோர் மடியிலும் ஜவுளிக்கடைப் பை, பைக்குள் ஸ்கேன் படம். நன்னிலத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எனக்கு எத்தனை கிரியேட்டினின் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அதைவிடக் கூட. ஏதோ நான் நல்ல மார்க் வாங்கியதுபோல என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு நர்ஸ் என் நாடியைப் பிடித்தவள் விடவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பிடித்தாள்.

"படபடன்னு வருதா தாத்தா?"

"அப்பப்ப வரும். வயசாச்சு இல்லம்மா."

இ.சி.ஜி. எடுத்தார்கள். அங்கிருந்து இதயப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொல்லக்கூடியவர். இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேல் அறைகள் சுருங்கி விரிந்து ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். எனக்கு அவை சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் துடிப்பு ஒழுங்கில்லாமல் வருகிறது. துடிப்பு தப்புவது பெரிய ஆபத்து இல்லை, அதை மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது என்றார்.

"மேல் அறையோட ஓரத்துல சின்னதா ஒரு பை மாதிரி இருக்குங்க. ரத்தம் அதுக்குள்ள போய் ஓடாம தேங்கிடும். ஓடாத தண்ணியில பாசி புடிக்கும்ல, அது மாதிரி ரத்தம் அங்க கட்டியாயிடும்."

"பாசின்னா பரவால்லீங்களே. வெங்காயத்தாமரைன்னு சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். தேங்கின தண்ணீரில் வெங்காயத்தாமரை மண்டும். மண்டின இடத்தில் இருந்தால் தொல்லை இல்லை. ஒரு கொத்து பிய்த்துக்கொண்டு ஓட்டத்தோடு போய் அடுத்த மதகுக் கண்ணில் அடைத்துக்கொண்டால்தான் கீழே உள்ள வயலெல்லாம் காயும். டாக்டரம்மா சிரித்தார்.

"அதேதான். அந்த அடுத்த மதகு உங்க மூளை. கட்டி அங்க போய் அடைச்சா கை கால் விழும், பேச்சு போயிடும்."

பேச்சு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் ஊரில் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற பன்னிரண்டு குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய அப்பன்மார்கள் பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். என் அப்பாவும் அவர்களோடு நின்றவர்தான். கூலி நெல்லுக்காகக் கொடி பிடித்து, அடிபட்டு, கேஸ் வாங்கி, கடைசியில் கூலிக்காரர்கள் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சு, காகிதத்தில் ஒன்றும் இல்லை. குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் இருந்தது. இவர்கள் மனுக் கொடுத்தபோது பண்ணை வீட்டார், நிலம் எங்கள் சொந்த சாகுபடி, இவர்கள் கூலியாட்கள் என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மேடையில் உழுதவனுக்கு நிலம் என்றார்கள், தாலுகா ஆபீசில் அடுத்த வாய்தா என்றார்கள். ஆட்சி மாறினால் தாசில்தார் மாறுவார், புதிய தாசில்தார் முதலிலிருந்து கேட்பார். இதற்கிடையில் அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வந்துவிட்டது. நிலம் மட்டும் பெயருக்கு வரவில்லை.

அந்தக் குத்தகைக் கேஸில் நான் சாட்சி. யார் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அவர் வந்து மடையில் நிற்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. முப்பத்து மூன்று வருஷமும் அந்த வாய்க்காலில் வந்து நின்றவர்கள் இந்தப் பன்னிரண்டு பேர்தான். பண்ணை வீட்டார் ஒருநாளும் வந்ததில்லை. இதைச் சொல்ல உயிரோடு இருக்கிற ஒரே சர்க்கார் ஆள் நான். பன்னிரண்டு பேரில் முதல் மடைக்காரன் முருகையன். அவன்தான் கேஸைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். "அண்ணே, ஒங்க வாயிலதான் எங்க நெலம் இருக்கு" என்பான். அந்த வாய்தான் போய்விடும் என்கிறார் டாக்டரம்மா.

ரத்தம் சீக்கிரம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை உண்டு. ஆனால் சிறுநீரகம் கெட்டவனுக்கு அதைக் கொடுப்பதில் ஒரு சிக்கல். சிறுநீரகம் கெட்டவனுக்கு ரத்தம் கட்டியாகும் பயமும் மற்றவரைவிட அதிகம், நிற்காமல் ஒழுகும் பயமும் அதிகம். மாத்திரை கொடுக்காவிட்டால் அடைப்பு, கூடிப்போனால் வயிற்றிலோ மூளையிலோ கசிவு. "எது சரின்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. உங்களை மாதிரி கிட்னி உள்ளவங்களுக்கு எங்ககிட்டயும் நேர் பதில் இல்ல. யோசிச்சுப் பாத்தா குடுக்கறது நல்லதுன்னு தோணுது. ஆனா அடிக்கடி ரத்தம் டெஸ்ட் பண்ணணும்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டரம்மா மேல் எனக்கு மரியாதை வந்தது.

அந்த டெஸ்டுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. மாத்திரை சாப்பிடாதவருக்கு ஒன்று இருக்கும். சாப்பிடுகிறவருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லை, மூன்றுக்கு மேலே ஏற ஏறக் கசிவு பயம். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று. கீரையை ஒருநாள் தட்டு நிறைய, அடுத்த நாள் ஒன்றுமில்லாமல் என்று சாப்பிடக் கூடாது. வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் கேட்காமல் தொடக் கூடாது. மருந்துச் சீட்டைக் கொடுத்தபோது டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது இது:

"முறையா சாப்பிடுங்க. முறை தவறக் கூடாது."

அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு டாக்டர் சிறுநீரகத்துக்கு ரெஸ்ட் கொடு என்கிறார். இன்னொருவர் இதயத்துக்கு மாத்திரை போடு என்கிறார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசினதாகத் தெரியவில்லை. இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற தகராறை முப்பத்து மூன்று வருஷம் தீர்த்து வைத்தவன் நான். முறை தவறக் கூடாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். மன்னார்குடி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஆறு நாள் மாத்திரை, அது இதயத்தின் முறை. ஆறு நாள் மாத்திரை இல்லை, அது சிறுநீரகத்தின் முறை. இரண்டுக்கும் பொது.

மாத்திரையை ஆரோக்கியம் கையில் கொடுக்கவில்லை. என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். மாதா கோயிலில் ஆறு மணிக்கு மணி அடித்ததும் "போட்டாச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். இதயத்தின் முறையில் அது உண்மை, மற்ற நாளில் பொய். பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆபீஸ் விஷயத்தை வீட்டில் சொல்லாத மாதிரி நினைத்துக்கொண்டேன்.

முதல் டெஸ்ட் இதயத்தின் முறையில் ஆறாம் நாள் வந்தது. இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. அடுத்தது சிறுநீரகத்தின் முறையில் வந்தது. ஒன்றுக்கு இறங்கியிருந்தது. கீரை சாப்பிட்டீங்களா என்று ஆரோக்கியத்தைக் கேட்டார். பாவம், அவள் ஒரு வாரச் சமையலை ஒப்பித்தாள். டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த டெஸ்டில் நாலுக்குப் பக்கத்தில் போனது, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. குறைத்தார். மறுபடி இறங்கியது. இப்படி ஒருத்தருக்கு ஏறி இறங்கிப் பார்த்ததில்லை என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஐயா, மாத்திரைய முறையாத்தான சாப்பிடுறீங்க?"

"முறையாத்தான் டாக்டர் சாப்பிடுறேன். ஒரு நாள் பிசகல."

இதைச் சொல்லும்போது என் மனதில் துளி கள்ளம் இல்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் என்னை நம்பி அளவைக் கூட்டிக் குறைத்தார். அவர் நம்பினதே என்னைக் கொன்றிருக்கலாம்.

நான் சாட்சி சொல்ல வேண்டிய வாய்தாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. காலையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். சிறுநீரகத்தின் முறையில் அது ஐந்தாம் நாள். ஆரோக்கியம் சட்னி வைத்துவிட்டு, முருகையன் வந்து போனதைச் சொன்னாள். என்ன சொன்னான் என்று கேட்க வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது எந்த மொழியும் இல்லை. மனதில் முருகையன் என்ற பெயர் தெளிவாக நிற்கிறது, நாக்கு அதைத் தொட மாட்டேன் என்கிறது. வலது கையிலிருந்த இட்லித் துண்டு தட்டில் விழுந்தது. ஆரோக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். என் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்ததை நான் அவள் முகத்தில்தான் தெரிந்துகொண்டேன். பயந்தேன். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. சாவு வருமோ என்ற பயம் இல்லை, இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டி வருமோ என்ற பயம்.

முருகையன்தான் கார் பிடித்தான். முன் சீட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி, "அண்ணே, எதாவது பேசுங்கண்ணே" என்றான். திருத்துறைப்பூண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சொல் வந்தது. "சும்மா இரு" என்றேன். அவன் அழுதுவிட்டான்.

தஞ்சாவூர் போவதற்குள் கையும் வாயும் பழையபடி ஆகிவிட்டன. அப்படித் தானாகத் தெளிந்தால் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. சின்ன அடைப்பு வந்து தானே கரைந்திருக்கிறது, பெரியது பின்னால் வரலாம் என்பதற்கான அறிகுறி அது. கையைத் தூக்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், மூக்கைத் தொடச் சொன்னார்கள். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கசிவு இல்லை. மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனை, அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தவிர்த்துவிட்டார்கள். ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி ஒன்று.

மறுநாள் காலை இரண்டு டாக்டர்களும் சேர்ந்து என் கட்டிலுக்கு வந்தார்கள். அவர்களை ஒன்றாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா என் பழைய டெஸ்ட் சீட்டுகளைத் தேதி வாரியாகப் போர்வையின்மேல் பரப்பினார். ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே அது முறைப் பட்டியல் மாதிரி தெரிந்தது.

"டாக்டர், ஒண்ணு சொல்லணுங்க" என்றேன்.

சொன்னேன். காவிரி, வெண்ணாறு, ஆறு நாள், ரெஸ்ட், எல்லாம். ஆரோக்கியம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் நான் பார்க்கவில்லை.

கிட்னி டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ரெஸ்ட் குடுக்கச் சொன்னது மூட்டுவலி மாத்திரைலேருந்துங்க. இதுலேருந்து இல்ல" என்றார். டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைக் கேட்டார்:

"மதகத் தெறந்தா கடைசி வயலுக்குத் தண்ணி போக எத்தன நாள் ஆகும்?"

"எங்க வாய்க்கால்லயா? மேல உள்ள மடையெல்லாம் எடுத்தது போக அஞ்சு நாளுக்கு மேல ஆயிடுங்க."

"இந்த மாத்திரையும் அப்படித்தாங்க. போட்ட அன்னிக்கே வேலை செய்யாது. அஞ்சாறு நாள் தொடர்ந்து போட்டாத்தான் ரத்தத்துல முழுசா பிடிக்கும். நீங்க ஆறாம் நாள் நிறுத்திடுறீங்க. அது போய்ச் சேர்றதுக்குள்ள கதவ இறக்கிடுறீங்க."

அவர் இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணம்மா ஞாபகம் வந்துவிட்டது.

கண்ணம்மா பன்னிரண்டாவது மடை. புருஷன் இல்லாதவள், கடைசி வயல். மேட்டூர் கைவிட்ட மூன்று வருஷம் தொடர்ந்து முறை வைத்தார்கள். மூன்று வருஷமும் தண்ணீர் பதினோராவது மடையைத் தாண்டுகிற சமயத்தில் ஆறு நாள் முடியும். நாற்று பழுத்து நிற்கும். அவள் வந்து மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு பொழுது விடுங்கண்ணே, காலு நனையுற அளவு போதும்" என்பாள். முறைன்னா முறைதான் என்று கதவை இறக்கினேன். ஆர்டர் அப்படி. நான் ஆர்டரை மீறவில்லை, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அதனால் அதை ஒரு தப்பாக நான் எண்ணினதே இல்லை.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள், குறைந்த அளவில், தினமும். ரத்தம் எடுத்து எடுத்து என் கை நீலம் பாரித்துவிட்டது. ஆரோக்கியம் பேசவில்லை. ஆனால் மருந்து அட்டை இப்போது அவளுடைய மணிபர்சுக்குள் போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரையையும் அரை டம்ளர் தண்ணீரையும் நீட்டுவாள், நான் விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். அந்த வார்டில் கோயில் மணி கேட்காது. அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தனக்குள் ஜெபம் சொல்லிக்கொள்வாள். என் மகள் திருச்சியிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தாள். "அப்பா, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி அம்மா ஒங்கள வாயத் தொறக்கச் சொல்லுது" என்று கேலி செய்தாள். அதற்கும் ஆரோக்கியம் சிரிக்கவில்லை.

முருகையன் நான்காம் நாள் வந்தான். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணே, நம்ம பன்னெண்டு பேரயும் மடை வரிசையா சொல்லுங்க பாப்போம்" என்றான். சொன்னேன். முருகையன், பக்கிரி, மாரிமுத்து, இருளாயி என்று பதினொன்று வரைக்கும் தடங்கல் இல்லை. பன்னிரண்டாவது பெயரில் நின்றுவிட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட எழுந்தான்.

"ஒக்காருடா. பேரு தெரியும். கண்ணம்மா" என்றேன்.

வாய்தாவைத் தள்ளிக் கேட்டார்கள். ஐந்து வாரம் கழித்து வந்தது. அதற்குள் மூன்று டெஸ்டும் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவிலேயே நின்றன. தினமும் காலையில் பல் தேய்க்கும்போது பன்னிரண்டு பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். நாக்கு இருக்கிறதா என்று பார்க்க எனக்கு அதைவிட நல்ல டெஸ்ட் கிடைக்கவில்லை.

விசாரணைக்குக் காலையிலேயே தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டோம். அன்று மந்திரி வருகை என்று தாசில்தார் வெளியே போய்விட்டார். ஊரெல்லாம் கட்சிக்கொடி. நாலு மணிக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். தாசில்தார் ஒரு பெண். நான் சொன்னதை எழுதிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு பெயரும் தடங்கல் இல்லாமல் வந்தன. பிறகு பண்ணை வீட்டு வக்கீல் எழுந்தார்.

"இவருக்கு சமீபத்துல ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிருக்குங்க மேடம். ஞாபகம் எந்த அளவுக்கு நம்பறதுன்னு பாத்துக்குங்க."

"பேச்சுதாங்க அரை மணி நேரம் நின்னுச்சு. ஞாபகம் எங்கயும் போகல" என்றேன்.

அவர் அடங்கலைப் பிரித்தார். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வருஷாவருஷம் எழுதும் கிராமக் கணக்கு அது. கடைசி நிலம் மூன்று வருஷம் தரிசு என்று இருப்பதைப் படித்துக் காட்டினார். சாகுபடியே செய்யாத பெண்ணை எப்படிக் குத்தகைதாரர் என்பது? அவள் பொய் என்றால் மற்றப் பதினொன்றும் பொய்யாக இருக்கலாம் அல்லவா? தாசில்தார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

பின்னால் சுவரோரமாகக் கண்ணம்மா உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். மழை இல்லை, தண்ணீர் இல்லை என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். முருகையனும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தான். அப்படிச் சொன்னால் மேலே உள்ளவர்களுக்கு மட்டும் எப்படி விளைந்தது என்று வக்கீல் அடுத்த கேள்வி கேட்பார்.

"தரிசு இல்லீங்கம்மா. மூணு வருஷமும் அந்த அம்மா நாத்து விட்டாங்க. நான் பாத்தேன். தண்ணி போகல, அதான் காஞ்சிச்சு. ஆறு நாள் முறையில தண்ணி அவங்க மடைக்குப் போறதுக்குள்ள கதவ இறக்கியாச்சு."

"யாரு இறக்கினது?"

"நான்தாங்க. மூணு தடவையும் நான்தான். அந்த அம்மா வந்து கேட்டாங்க. ஒரு பொழுது விடச் சொன்னாங்க. விடல. ஆர்டர்ல இல்லன்னு விடல. மேல சொல்லி ஒரு நாள் கூடுதலா வாங்கியிருக்கலாம். நான் கேக்கவே இல்ல."

தாசில்தார் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். வக்கீல் வேறு கேள்வி கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது, பன்னிரண்டு பெயரும் பதிவேட்டில் ஏறின. பண்ணை வீட்டார் அப்பீல் போயிருக்கிறார்கள். அது நடக்கட்டும். அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். முருகையன் பஸ் எப்போது என்று விசாரிக்கப் போயிருந்தான். ஒலிபெருக்கியில் மந்திரியை வரவேற்று இன்னமும் கத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணம்மா வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"மணி ஆறாவப் போவுது. மாத்திர போடணுமாமுல்ல. ஆரோக்கியம் அக்கா எங்கிட்ட குடுத்து அனுப்பிச்சுது" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தில் மடித்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் எடுத்துத் திறந்து நீட்டினாள்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு மடக்கு குடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"ஒங்களுக்குத் தண்ணி அளவுதானாமே" என்றாள்.

"ஆமாம்மா. அளவுதான்."

"இருக்கட்டும். தொண்ட காஞ்சு போயிருக்கு ஒங்களுக்கு. இன்னும் ஒரு வாய் குடிங்கண்ணே, ஒண்ணும் ஆவாது."

குடித்தேன்.